பொழுது சாயும் முன்னே கூலி

2018 செப்டம்பர் 29, சனிக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் என் யூனிட்டில் 14 பேருக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தேன். மீதியைப் புதன்கிழமை தருகிறேன் என்றேன். யாரும் சண்டை போடவில்லை. திருப்பூரில் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். "சரிங்கண்ணா" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பிசிறு வெட்டுகிற அக்கா மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "புதன்கிழமை கெடைச்சிருங்களா? சிலிண்டருக்குச் சொல்லியிருக்கனுங்க" என்று கேட்டார். நிச்சயமாகக் கிடைக்கும் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எனக்கு வர வேண்டிய பணமும் வரவில்லை. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜூன் மாதம் தைத்துக் கொடுத்த டீ-ஷர்ட்டுக்கு செப்டம்பர் முடியும்வரை பில் பாஸ் ஆகவில்லை. போன் செய்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். வெளிநாட்டுக்காரன் கம்பெனிக்குத் தாமதம் செய்தால் கம்பெனி எனக்குத் தாமதம் செய்கிறது. நான் யாருக்குத் தாமதம் செய்ய முடியும்? கீழே இருக்கிற அந்த 14 பேருக்குத்தான். அவர்கள் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்வார்கள். அதோடு அந்தச் சங்கிலி முடிந்துவிடும்.

மறுநாள் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. அதில் பைபிளிலிருந்து இரண்டாம் வாசகம் வாசிக்கும் முறை என்னுடையது. முந்தின நாளே ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுவது என் பழக்கம். அந்த வாரம் இருந்த அலைச்சலில் பார்க்கவில்லை. மைக் முன்னால் போய் நின்று புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரம் என்று தெரிந்தது. வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்று வருகிற பகுதி. வேலைக்காரர் கூட அங்கே கத்தவில்லை. கூலியே கத்துகிறது.

பின்னால் கடைசித் தூண் பக்கம் என் யூனிட்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்துக்காரன், கத்தோலிக்கப் பையன், அப்போது 22 வயது இருக்கும். ஃப்ளாட்லாக் தையல் மெஷின் ஓட்டுவான். அவனுக்கும் முதல் நாள் பாதிச் சம்பளம்தான். தமிழ் வாசகம் அவனுக்குப் புரியாது. நான் மேடை ஏறியதும் பக்கத்தில் இருந்த சிநேகிதனிடம் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னான். முகமெல்லாம் சந்தோஷம். நம்ம ஓனர் வாசிக்கிறார் என்று காட்டுகிறான். நான் வாசித்து முடித்து இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் பூசையில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை.

அன்றைக்குத் தொடங்கி ஏழு வருஷமாக என் யூனிட்டில் சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். சிலது சரியாக வந்தது, சிலது வரவில்லை. என்னைப் போலச் சின்னதாகத் தொழில் செய்கிற, கோயிலுக்கும் போகிற யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கருமத்தம்பட்டிக்காரர், தறிக்கார வீடு. அக்டோபரில் ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு எங்கே இருந்தாலும் போய்விடுவார். அப்பா ஒரத்துப்பாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர், கட்டிங் மாஸ்டர், செங்கொடிச் சங்கம். கோயில் வாசலோடு சரி, உள்ளே வரமாட்டார். 1984ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரே 127 நாள் ஸ்டிரைக்கில் நின்றபோது எனக்கு 6 வயது. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, கருமத்தம்பட்டி மாமா சைக்கிளில் அரிசி கொண்டுவந்து இறக்கியது, ராத்திரி ஒரு மூலையில் அம்மா ஜெபமாலை உருட்ட இன்னொரு மூலையில் அப்பாவும் தோழர்களும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இரண்டு மூலையும் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன என்பது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

நான் டைலராக 16 வருஷம் உட்கார்ந்து, 2013ல் எட்டு மெஷின் போட்டு யூனிட் ஆரம்பித்தேன். திருப்பூரில் இது பெருமையான விஷயம். நேற்றுவரை டைலராக இருந்தவர் இன்றைக்கு ஓனர், உழைத்தால் யாரும் மேலே வரலாம் என்று ஊரே சொல்லும். பொய்யில்லை, நானே சாட்சி. ஆனால் மேலே வந்த எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. என்னிடம் வேலை பார்க்கிறவர் மேலே வரவில்லையென்றால் அது அவருடைய குறை என்று நினைக்கத் தொடங்கினேன். அவர் ஒப்புக்கொண்ட கூலியைத்தானே கொடுக்கிறேன், யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்று சொல்லிக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்போது அவருக்கு 70 தாண்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அவிய ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லாத கண்ணு. அவிய வயிறு ஒத்துக்கிச்சுன்னு சொல்லு."

பங்குச்சாமியிடம் போய்ப் பேசினேன். 1891ல் திருத்தந்தை, அதாவது போப், பதின்மூன்றாம் லியோ தொழிலாளர்களைப் பற்றி எழுதிய சுற்றுமடலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஐரோப்பாவில் ஆலைகள் பெருகி, ஒரு பக்கம் முதலாளியும் மறுபக்கம் ஒன்றுமில்லாத கூலிக்காரனும் நின்ற காலத்தில் எழுதியது. தனிச்சொத்தை ஒழிக்க வேண்டும் என்ற சோசலிசக் கருத்தை அவர் ஏற்கவில்லை, கடுமையாகவே மறுக்கிறார். ஆனால் அதே மடலில் கூலியைப் பற்றி வருகிற இடம் என்னை உட்காரவைத்துவிட்டது. வேறு வழியில்லாமல், இதைவிட மோசமான நிலைக்குப் பயந்து ஒருவன் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால், அவன் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறான் என்கிறார். இருவரும் பேசி முடித்த கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது. பேரத்துக்கு மேலே ஒரு நீதி இருக்கிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சோசலிசத்தைப் பற்றி எழுதியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கூலிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அப்பா 2022ல் போய்விட்டார். 2025 மே மாதம் புதிய திருத்தந்தை அந்த லியோவை நினைத்து அதே பெயரை வைத்துக்கொண்டார் என்று செய்தியில் கேட்டபோது முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

இனி தொழிலுக்கு வருகிறேன்.

புதன்கிழமை என் மச்சானிடம் கைமாற்று வாங்கி மீதிச் சம்பளத்தைக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி வீட்டம்மாவும் நானும் நோட்டோடு உட்கார்ந்தோம். பைபிளில் இணைச்சட்ட நூலில் ஒரு கட்டளை இருக்கிறது: ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன்னே கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் பிழைக்கிறான். அந்தக் கூலியாள் உன் இனத்தானா, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனா என்று பார்க்காதே என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. இதை ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் எப்படி நடத்துவது? எனக்குப் பணம் 90 நாளில் வருகிறது. ஆட்களுக்கு 6 நாளில் கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கிற 84 நாளை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. அதுவரை அவர்கள் தாங்கினார்கள். இனி நான் தாங்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

வங்கியில் தனியாக ஒரு கணக்குத் திறந்தோம். எந்த பில் பணம் வந்தாலும் அதில் நூற்றுக்கு 5 ரூபாய் முதலில் அந்தக் கணக்குக்குப் போய்விடும். கரண்ட் பில், வாடகை, வட்டி எல்லாம் அதற்கப்புறம். அப்போது ஓவர்டைமோடு சேர்த்து வாரக் கூலி ஏறக்குறைய 38,000 ரூபாய். நாலு வாரக் கூலி, அதாவது 1,52,000 ரூபாய் சேரும்வரை புது மெஷின் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு ஃப்ளாட்லாக் மெஷினுக்கு முன்பணம் கொடுக்க இருந்தேன், அதை நிறுத்தினேன். 14 மாதம் ஆயிற்று. சேர்ந்து முடிந்து மூன்றே மாதத்தில், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்தப் பணத்தில் 8 வாரத்துக்கு எல்லாருக்கும் பாதிக் கூலி கொடுத்தோம். சிம்டேகா பையன் மே மாதம் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போனபோது அவன் கையில் எங்கள் யூனிட் பாக்கி என்று ஒன்றும் இல்லை. நவம்பரில் அவனே போன் செய்து வரட்டுமா என்று கேட்டான்.

யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். நல்ல மனசு இருந்தால் போதாது. கூலிக்கென்று பணம் தனியாக இருந்தால்தான் அந்த மனசு சனிக்கிழமை சாயங்காலம்வரை தாங்கும்.

அடுத்தது ரேட், ஒரு பீஸ் தைக்கக் கம்பெனி எனக்குத் தருகிற விலை. இதில்தான் ரொம்பக் காலம் நான் ஏமாந்திருந்தேன், ஏமாற்றியும் இருந்தேன். சாதாரண டீ-ஷர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷோல்டர் ஜாயின்ட், கை ஏற்றுதல், சைடு, கழுத்து ரிப், கீழ் மடிப்பு, செக்கிங் எல்லாம் சேர்த்து என் லைனில் ஒரு ஷிப்டுக்கு 600 பீஸ் வரும். அந்த ஷிப்டுக்கு என் செலவு அன்றைய கணக்கில் இப்படி: நானும் வீட்டம்மாவும் செய்கிற வேலையையும் சேர்த்துக் கூலி 5,200, வாடகை 600, கரண்ட் 450, நூல், ஊசி, ஆயில் 300, வண்டி 250. மொத்தம் 6,800. பீஸுக்கு 11 ரூபாய் 33 காசு. கம்பெனியில் ஆர்டர் கொடுக்கிற மெர்ச்சண்டைசர் 10 ரூபாய் 50 காசுக்குத் தருகிறேன் என்பார். "நீங்க எடுக்கலைன்னா பக்கத்து யூனிட் எடுத்துக்குவாங்க" என்பார். அது உண்மையும்கூட. நானும் எடுத்துக்கொள்வேன், மெஷின் சும்மா நிற்கக் கூடாதே.

அந்த 83 காசு எங்கிருந்து வரும் என்று அதுவரை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாடகைக்காரர் குறைக்கமாட்டார். மின்வாரியம் குறைக்காது. நூல் கடைக்காரர் குறைக்கமாட்டார். குறைகிற இடம் ஒன்றே ஒன்று, கூலி. டைலருக்கு உதவியாகக் கைமடிக்கிறவருக்குப் பத்து ரூபாய் குறைத்து, சாயங்காலம் அரை மணி நேரம் கூட்டி, டீயை ஒரு வேளை நிறுத்தி அந்த 83 காசை எடுத்திருக்கிறேன். பக்கத்து யூனிட்காரரும் அப்படித்தான் எடுத்திருப்பார். யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் ரேட் கீழே போகப் போக, இங்கேயே நில் என்று சொல்கிற ஒன்று அந்த ஏற்பாட்டுக்குள் எங்கேயும் இல்லை. வெளியிலிருந்துதான் யாராவது சொல்ல வேண்டும். சட்டம் சொல்லலாம், சங்கம் சொல்லலாம். எனக்கு விசுவாசம் சொன்னது.

இப்போது ரேட் பேசும்போது கூலியை முதலில் எழுதிவிடுகிறேன், அதைத் தொடுவதில்லை. மற்றதில் குறைக்க முடிந்தால் குறைப்பேன். முடியாவிட்டால் ஆர்டர் வேண்டாம் என்பேன். முதல் வருஷம் மூன்று ஆர்டர் போனது. கணக்கை எழுதியே மெர்ச்சண்டைசரிடம் காட்டுவது ஒரு பழக்கம் ஆனது. ஒரு கம்பெனியில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு 11.75 கொடுத்தார்கள். இன்னொரு கம்பெனி அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

பணம் தாமதமாவதற்கு மருந்து ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. 2006ம் வருஷத்து சிறுகுறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த சின்ன யூனிட்டுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் 43பி(எச்) என்று ஒரு பிரிவு வந்தது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கிற வருஷத்தில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். அதனால் சின்னத் தொழிலுக்கான அரசாங்கப் பதிவான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், அந்த எண்ணை பில்லில் போடுங்கள், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நான் இதுவரை யார் மேலும் புகார் கொடுத்ததில்லை. பில்லில் எண் இருப்பதே பாதி வேலையைச் செய்கிறது. ஆனால் ஒரு கம்பெனி இதற்காகவே பதிவில்லாத யூனிட்டுக்கு வேலையை மாற்றிக்கொண்டது, அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயத்தை எழுதத் தயக்கமாக இருக்கிறது. 2019 வரை என் ரிஜிஸ்டரில் 9 பேர்தான் இருந்தார்கள். 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுப் பணம், கட்ட வேண்டும் என்பதால் மீதி ஐந்து பேர் எழுத்தில் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, பைபிளில் ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற வரிவசூல்காரர் சக்கேயு என்ன செய்தார் என்று மட்டும் கேட்டார். 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. பங்கு முதலாளிக்கு 3.25 சதவீதமாகவும் தொழிலாளிக்கு 0.75 சதவீதமாகவும் குறைந்தது. அந்த மாதமே 14 பேரையும் எழுதினேன். இரண்டு வருஷம் கழித்துக் கைமடிக்கிற பொண்ணு ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது 26 வாரச் சம்பளம் அவள் கணக்குக்கு வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு யூனிட்டுக்கு வந்து பாஸ்புக்கை என் வீட்டம்மாவிடம் நீட்டி, இது நெசமாவே எனக்குத்தானுங்களாக்கா என்று கேட்டாள். பழைய ரிஜிஸ்டரில் இல்லாத ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

அட்வான்ஸ் விஷயம் கொங்குநாட்டில் எல்லாருக்கும் தெரியும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறிப் பட்டறையில் ஆளை நிறுத்திவைப்பதே அட்வான்ஸ்தான். பணம் வாங்கியவர் அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளிக்கு அந்தப் பணத்தைக் கட்டி ஆளைக் கூட்டிப் போவார். கொத்தடிமை முறையைச் சட்டம் 1976லேயே ஒழித்துவிட்டது. என் சித்தி மகன் 11 வருஷம் ஒரே பட்டறையில் நின்றது அதற்கப்புறம்தான். கடனை ஏழாம் வருஷம் விட்டுவிடு என்றும், ஐம்பதாம் வருஷம் நிலத்தைப் பழைய சொந்தக்காரனுக்கே திருப்பிக் கொடு என்றும் பழைய ஏற்பாடு சொல்வது எனக்குக் கதைபோல இருந்தது. தம்பியை நினைத்தால்தான் அது எதற்காக என்று புரிகிறது. சேர்ந்துகொண்டே போகிற கடன் ஒரு நாள் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் ஆளாக இருக்கமாட்டான்.

என் யூனிட்டில் அட்வான்ஸ் ஒரு மாதக் கூலிக்கு மேல் கிடையாது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிப்பதும் கிடையாது. விட்டுப் போகிறவரைப் பணத்துக்காகத் தடுப்பதில்லை. இதனால் இத்தனை வருஷத்தில் 23,000 ரூபாய் வராமல் போயிருக்கிறது. பேர் பேராக நோட்டில் இருக்கிறது. ஒருவர் மட்டும் மூன்று வருஷம் கழித்து 4,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் நான் ஜெயித்தேன் என்று சொல்ல முடியாது. ஷிப்மென்ட் நெருக்கினால் திருப்பூரில் ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஓய்வுநாள் கட்டளையில் உன் பணியாளும் உன் ஊரில் இருக்கும் அந்நியனும் உன்னைப்போல ஓய்வெடுக்கட்டும் என்று இருப்பதைப் படித்துவிட்டு, ஞாயிறு வேலை இல்லை என்று அறிவித்தேன். வடநாட்டுப் பையன்களுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு அனுப்புகிற பணத்தில் அந்த ஒரு நாள் கூலி பெரிய விஷயம். நாலு பேர் ஞாயிறானால் வேறு யூனிட்டுக்கு வேலைக்குப் போனார்கள். ஆறு நாள் கூலியில் குடும்பம் நடக்காதவரை ஓய்வு என்பது வசதிக்காரர் பேச்சாகத்தான் கேட்கும் என்று அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன். ஷிப்டுக்கு 30 ரூபாய் கூட்டிய பிறகு இரண்டு பேர் வெளியே போவதை நிறுத்தினார்கள். இரண்டு பேர் இன்னும் போகிறார்கள். நான் கேட்பதில்லை.

இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக்காரர் உவமை எனக்கு ரொம்ப நாள் எரிச்சலாக இருந்தது. காலையிலிருந்து உழைத்தவனுக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி என்றால் யார் ஒழுங்காக வேலை செய்வார்கள்? ஓனர் புத்தி அப்படித்தான் கேட்கும். ஒருநாள் கட்டிங் பீஸ் வரவில்லை. காலை எட்டரைக்கு வந்த டைலர்கள் மத்தியானம்வரை மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். பீஸ் ரேட் என்பதால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. அப்போது அந்த உவமையில் அஞ்சு மணி ஆட்கள் சொல்கிற பதில் நினைவுக்கு வந்தது: எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று இயேசு சொல்லவில்லையே. வேலை வராதது அவர்கள் குற்றமா? பீஸ் வராமலோ கரண்ட் இல்லாமலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் அரை ஷிப்ட் கூலி என்று அன்றையிலிருந்து வைத்தேன். அதற்கப்புறம் பீஸ் நேரத்துக்கு வருகிறதா என்று நானே கம்பெனிக்கு விடாமல் போன் செய்கிறேன். நஷ்டம் என் பக்கம் வந்ததும் அக்கறையும் வந்துவிட்டது.

எங்கள் தெருப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் ஒரு தடவை பேச்சு வந்தது. முதலாளித்துவமா பொதுவுடைமையா, எது பைபிளுக்கு ஒத்தது என்று. திருத்தூதர் பணிகள் நூலில் ஆதித் திருச்சபையார் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள் என்று இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே பேதுரு, நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்த அனனியாவிடம், நிலம் விற்கும் முன் உன்னுடையதாகத்தானே இருந்தது என்று கேட்கிறார். நான் படித்தவரையில் கடவுள் எந்த ஏற்பாட்டுக்கும் முத்திரை குத்திக் கொடுத்ததாகத் தெரியவில்லை. எந்த ஏற்பாடாக இருந்தாலும் இதற்கு மேல் போகாதே என்று சில கோடுகளைப் போட்டிருக்கிறார். அறுவடையில் வயல் ஓரத்தை முழுவதும் அறுக்காதே, ஏழைக்கு விடு. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாயும்போது திருப்பிக் கொடு. அரசாங்கமே முதலாளியாக இருந்தாலும் அந்தக் கோடுகள் இருக்கும்.

திருப்பூர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளையெல்லாம் மூட உத்தரவிட்டபோது நான் டைலர். மாதக்கணக்கில் வேலை இல்லாமல் கஷ்டப்பட்டேன், வழக்குப் போட்ட விவசாயிகள்மேல் கோபம் வந்தது. பொங்கலுக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போனபோதே அவர் கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி என் வாயில் வைத்திருந்தார். உப்பு. அங்கே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. நாங்கள் மலிவாகத் தைத்த பனியனுக்கு மீதி விலையை அவருடைய தென்னை மரங்கள் கொடுத்திருக்கின்றன. எந்த பில்லிலும் அது ஏறவில்லை. அவரிடம் நான் அப்போது ஒன்றும் பேசவில்லை. இப்போது அவர் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் ஒத்துக்கொள்கிறேன். கைமடிக்கிற, பிசிறு வெட்டுகிற பெண்களுக்கு டைலர் கூலியில் முக்கால் பங்குகூட இன்னும் நான் கொடுப்பதில்லை. அதே நேரம்தான் அவர்களும் நிற்கிறார்கள். ரேட் இடம் தரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்பா சொன்ன வார்த்தை அப்போதெல்லாம் உறுத்துகிறது.

2025 ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்காவுக்குப் போகிற நம் துணிக்கு 50 சதவீத வரி என்றானது. நான் தைத்துக் கொடுக்கிற கம்பெனியின் சரக்கு பாதிக்கு மேல் அங்கேதான் போகும். செப்டம்பரில் வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான் வந்தது. கூலிக் கணக்கில் அப்போது ஐந்து வாரப் பணம் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்து, மூன்றாவது சனிக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து வங்கிப் புத்தகத்தைக் காட்டினேன். இவ்வளவுதான் இருக்கிறது, ஆறு பேரைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால்தான் யூனிட் தாங்கும் என்று சொன்னேன். யாரை நிறுத்துவது என்று மனதுக்குள் ஒரு பட்டியலும் வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிசிறு வெட்டுகிற அக்காதான், 2018ல் சிலிண்டருக்குச் சொல்லிவைத்திருந்த அதே அக்கா, முதலில் பேசினார். "ஆரையும் நிறுத்த வேண்டாங்க. வர்ற வேலையை முறை வெச்சுப் பிரிச்சுக் குடுங்க. இன்னைக்கு ஏழு பேர், நாளைக்கு ஏழு பேர். பேங்குல இருக்கறதையும் எல்லாருக்குமா பிரிச்சுக் குடுங்க." சிம்டேகாக்காரன் இப்போது தமிழ் நன்றாகப் பேசுவான். ஊருக்கு அனுப்புகிறதைக் குறைத்துக்கொள்கிறேன், பிள்ளைகுட்டி இருக்கிறவங்களுக்கு முதல் முறை கொடுங்கண்ணா என்றான்.

என் பட்டியலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிங் டேபிள்மேல் ஒரு அட்டையை வைத்து வீட்டம்மா கோடு போட்டு, அடுத்த வாரத்துக்கு முறை எழுத ஆரம்பித்தாள். அவரவர் வந்து எந்த நாள் தோது என்று சொன்னார்கள். எழுதி முடிக்க ஏழு மணி ஆகிவிட்டது. அந்த வாரக் கூலியை அதற்கு முன்பே கொடுத்திருந்தோம்.